நல்லுணவும் நாமும்

(எமது மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

எமக்கு முன் இம்மேடையில் பேசியோர் சமயம், கல்வி, சமூகத் தொண்டு ஆகிய பெரிய விடயங்களைப் பற்றிப் பேசிச் சென்றார்கள். எம்மையோ சோறு கறியைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்திருக்கிறார். பின்வரிசையிலே சிலர் முறுவலிப்பது தெரிகிறது. அவர்கள்மேல் எமக்கு வருத்தமில்லை. முந்திய ஆண்டுவரை நாமும் அந்தப் பின்வரிசையிலே இருந்தவர்கள்தாம்.

எம்மை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது ஒரு சிறு காயம். எங்கள் தகப்பனார் நெல் வேளாண்மை செய்பவர். சென்ற ஐப்பசியிலே, பெரும்போகத்துக்கு வரம்பு கட்டுகையில் மண்வெட்டி நுனி வலது காலிலே பட்டது. நீரிழிவு அவருக்கு ஒன்பது ஆண்டுகளாக உண்டு. நோவு தெரியாத கால் அது. ஆகவே காயத்தை அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் கிழமை இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. வைத்தியர் அவரிடம், "நீங்கள் என்னதான் சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார். தகப்பனார் சற்றும் யோசியாமல், "எல்லாரும் சாப்பிடுறதத்தான் ஐயா" என்றார்.

அந்த விடையைப் பலநாள் எம்மால் மறக்க முடியவில்லை. ஏனெனில் அது முழு உண்மை. அவர் மது தொட்டவரல்லர். விருந்து தேடிப் போனவரல்லர். காலையிலே பாணும் சம்பலும், பத்து மணிக்கு ஒரு பணிஸும் சீனி கலந்த தேநீரும், மதியம் கோபுரம்போல் வெள்ளைச் சோறு, அதன் ஓரத்திலே ஒரு துண்டு மீன், பெயருக்கு ஒரு மரக்கறி, மாலையிலே வடையோ ரோல்ஸோ, மீண்டும் தேநீர், இரவு பராட்டா. கல்முனையிலும் பாண்டிருப்பிலும் காரைதீவிலும், அயலிலுள்ள மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முஸ்லிம் சகோதரர் வீடுகளிலும், உழைத்துக் களைத்த ஒரு மனிதன் உண்பது பெரும்பாலும் இதுதான். எல்லாரும் சாப்பிடுவதைத்தான் அவர் சாப்பிட்டார். எல்லாரையும் நோக்கி வருவது அவரை முந்தி வந்தடைந்தது.

இதனை மிகைப்படுத்திக் கூறுவதாக எண்ணாதீர்கள். இலங்கையிலே 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றிலே 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு அது உண்டு என்று கண்டது. இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. ஆகையால் கணக்காளர்போல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தல் கூடாது. ஆயினும் நோய் எந்தத் திசையிலே நடக்கிறது என்பதை அறிய இவ்விரு எண்களும் போதும். இந்த மண்டபத்திலே இருக்கும் நால்வரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பது எமக்குத் தெரிகிறது!

இனி, எமக்குத் தரப்பட்ட தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'கிளீன் ஈற்றிங்' என்று ஆங்கிலத்திலே ஒரு வழக்கு பரவியிருக்கிறது. 'தூய உணவு' என்று நாம் அதைச் சொல்லலாம். கைத்தொலைபேசியைத் திறந்தால் அதன் படங்கள் வந்து குவிகின்றன. ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், சியா விதை, கண்ணாடிக் கிண்ணத்திலே பச்சை இலைகள்! ஒரு கிழமைக்கு அவற்றை வாங்கினால் மறு கிழமை பட்டினி கிடக்க வேண்டியதுதான். இது ஒரு குறை. இதனினும் பெரிய குறை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒருவர் உண்பதைத் தூயதென்றால், மற்றவர் உண்பது அழுக்கென்றாகிறது. தூய்மை என்ற பெயரால் யார் கிணற்றில் யார் அள்ளலாம், யார் செம்பில் யார் குடிக்கலாம் என்று கணக்குப் பார்த்த சமூகம் நம்முடையது. அந்த வெட்கம் முழுதும் ஆறுமுன் புதியதொரு தூய்மைக் கணக்கை நாம் தொடங்குதல் ஆகாது. பாணும் சம்பலும் உண்டு கூலிவேலைக்குப் போகும் மனிதனின் உணவு அழுக்கான உணவன்று. அவனுக்குப் போதாத உணவு, அவ்வளவே.

நம் நூல்கள் இதனை வேறு வழியாகச் சொல்லியிருக்கின்றன. கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரிக்கிறது. ஆயுளையும் பலத்தையும் தருவது ஒன்று. மிகுந்த உறைப்பும் உப்பும் புளிப்பும் உடையது ஒன்று. ஆக்கி நேரம் கடந்து சுவை கெட்டது ஒன்று. (இந்தக் கடைசி வகையைப் படிக்கும்போதெல்லாம் நம் அம்மம்மாவின் பழஞ்சோறு நினைவுக்கு வந்து சங்கடப்படுத்துகிறது. பழஞ்சோற்று விடயத்தில் மட்டும் நாம் அம்மம்மாவின் கட்சி.) திருக்குறளிலே 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். மருந்தென்ற பெயரைக் கண்டு மூலிகைகளைத் தேடுவோர் ஏமாறுவர். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்க என்பதே அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. உண்பவன் எந்தக் குலம், எந்தப் பண்டம் உயர்ந்தது என்ற பேச்சு அங்கில்லை.

அளவுக்கு அடுத்தது அரிசி. நெல் விளையும் நாட்டிலே இருந்துகொண்டு அரிசியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. சம்மாந்துறைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாய்ந்து விளைகிறது. அந்த நெல் ஆலைக்குப் போகிறது. தவிடு நீங்கி முத்துப்போல் வெள்ளையாகி வருகிறது. தவிடு எங்கே போகிறது? கோழிக்குப் போகிறது! இதிலே ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு.

1890ஐ ஒட்டி யாவாத் தீவிலே ஐக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் 'பெரிபெரி' என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமற் செய்யும் நோய் அது. அவர் வளர்த்த கோழிகளும் அதுபோன்றதொரு நோயால் தள்ளாடி விழுந்தன. பின்பு திடீரெனக் குணமாயின. விசாரித்தபோது, படையினரின் ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்தார்கள் என்றும், புதிதாக வந்த சமையற்காரர் 'படையினரின் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன்' என்று மறுக்கவே தீட்டாத அரிசியைப் போட்டார்கள் என்றும் தெரிந்தது. ஒரு சமையற்காரரின் பிடிவாதம் உலகுக்கு விற்றமின்களின் வாயிலைத் திறந்தது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரருக்கு என்ன கிடைத்ததோ!

இதனோடு தமிழருக்கும் தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவில் வேலைசெய்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி வாரிக்கொண்டு போயிற்று. அதே மலாயாவிலே தமிழ்த் தொழிலாளரை அது அவ்வளவாகத் தீண்டவில்லை. பிரடன் என்ற வைத்தியர் இதைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பிளெச்சர் என்பவர் கோலாலம்பூரின் மனநோயாளர் விடுதியில் இருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் எந்தப் பகுதியில் வந்தது என்று சொல்லவும் வேண்டுமோ? நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமினிற் பெரும்பங்கு உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. முற்றத்திலே கிடாரம் வைத்து நெல் அவித்த நம் பாட்டிமார் விற்றமின் என்ற சொல்லை அறியார். அதன் பயனை உண்டு வாழ்ந்தார்கள்.

பெரிபெரி இன்று நம்மிடையே இல்லை. அப்படியானால் இந்தக் கதை எதற்கு? நீக்கிய தவிட்டோடு நார்ப்பொருளும் போய்விடுகிறது என்பதற்காகவே. நார் குறைந்த வெள்ளைச் சோறு விரைவிற் செரித்துக் குருதியிலே சீனியாய் ஏறுகிறது. தவிட்டோடு கூடிய சிவப்பரிசியோ மெல்லச் செல்கிறது. வயிறும் நேரத்தோடு 'போதும்' என்கிறது. வயல் உள்ள வீட்டார், ஆலைக்காரரிடம் 'தீட்டாமற் குற்றித் தாருங்கள்' என்று ஒரு சொல் சொன்னாற் போதும். அவர் உங்களை ஒருவிதமாகப் பார்ப்பார். எங்களையும் பார்த்தார். "இது கோழிக்கா?" என்று கேட்டார்!

கோதுமை மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டிலே கோதுமை விளைவதில்லை. பெரியவர்கள் அதனை 'அமெரிக்கன் மா' என்று சொல்வது காரணப் பெயர். கப்பலில் மாவாக வந்த அது, 1980இல் திருகோணமலையிலே பெரிய ஆலை இயங்கத் தொடங்கிய பின்பு, கோதுமையாக வந்து இங்கேயே அரைபடுகிறது. எளிதிற் கிடைத்தது, எளிதிற் பழகினோம். புட்டிலும் ரொட்டியிலும் இடியப்பத்திலும் அரிசி மாவின் இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது. கோதுமை நஞ்சு என்று கூவுவோருடன் நாம் சேரவில்லை. குன்னூரிலே 1920களில் மக்கரிசன் என்ற வைத்தியர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவுகளைக் கொடுத்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் கீரையும் பருப்பும் உண்ட சீக்கியரின் உணவிலே வளர்ந்தவை நன்கு தழைத்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னைப் பக்கத்து உணவிலே வளர்ந்தவை நலிந்தன. எனவே குற்றம் கோதுமையினுடையதன்று; உமிக்கு அடுத்த தோலை உரித்துவிட்டு வெள்ளையை மட்டும் விரும்பும் நம் கண்ணினுடையது.

பணத்தின் பக்கமும் ஒன்றுண்டு. 2021இலே இரசாயன உரத்துக்கு விதித்த தடை ஏழு மாதத்துள் நீக்கப்பட்டது. ஆயினும் அந்தப் பெரும்போகத்தில் நம் வயல்கள் பட்ட பாட்டை இங்குள்ள விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு டொலர் இல்லை, மா இல்லை, எரிவாயு இல்லை. 2022 புரட்டாதியிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. பாண் வாங்க வரிசையிலே நின்ற அந்நாட்களிலே முற்றத்து முருங்கையும் வேலியோரத்து அகத்தியும் மரவள்ளிக் கிழங்கும்தான் பல வீடுகளைத் தாங்கின. வரிசை மறைந்ததும் முருங்கையையும் மறந்தோம்.

இனி, நாங்கள் எப்படித் தொடங்கினோம் என்பதைச் சொல்கிறோம். தேறியதைவிடத் தவறியதே அதிகம்.

பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலே வாடகை வீடொன்றில் நாங்கள் ஐவர் இருக்கிறோம். மூவர் இந்துக்கள், இருவர் முஸ்லிம்கள். மூன்றாண்டுகளாக இரவுணவு கொத்துரொட்டி. கொத்துரொட்டி நம் கிழக்கிலே பிறந்தது என்று பெருமையோடு சொல்வர். அந்தப் பெருமையை நாங்கள் இரவுதோறும் காப்பாற்றி வந்தோம்! தகப்பனாரின் கால் விரல்கள் போன பின்பு நாங்களும் சமைப்பது என்று தீர்மானித்தோம். முதல் நாளே ஐந்து கறி, வறை, பொரியல், சொதி எனப் பட்டியலிட்டோம். அரிசி அடியிலே பிடித்தது. மீன் கறிக்கு ஒருவர் உப்பிட்டார்; அவர் இட்டதை அறியாமல் மற்றவர் இட்டார்; மூன்றாமவர் ருசி பார்க்காமலே 'உப்புக் காணாது' என்று இட்டார். இரவு பத்து மணிக்கு ஐவரும் கொத்துக் கடைக்கு நடந்தோம். இரண்டாம் நாள் ஒருவரும் அடுப்படிப் பக்கம் போகவில்லை.

பத்து நாட்களுக்குப் பின் மீண்டும் தொடங்கியபோது ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தோம். மூன்று வேளையையும் ஒரே நாளிலே மாற்றப் புகுந்தால் ஒரு வேளையும் மாறாது. ஆகவே இரவுச் சாப்பாடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு சோறு, ஒரு மீன் ஆணம், ஒரு கீரை. இவ்வளவே. ஐவருக்கு மூன்று சுண்டு சிவப்பரிசி. மாலை விரிவுரை முடிந்து வந்தவர் அதனைக் கழுவி ஊறவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஊறினால் அவிவதற்கு நேரமும் எரிவாயுவும் குறையும். ஊறாத சிவப்பரிசியை அடுப்பில் வைத்துவிட்டு 'இந்த அரிசி வேகாது' என்று பழி சொல்வோர் பலர்.

கரைவலை இழுக்கும் கடற்கரை நம்முடையது. பாரையும் சூரையும் மாணவர் கைக்கு எட்டா. சூடையும் கீரியும் நெத்தலியும் எட்டும். மலிவான மீன் தரங்குறைந்த மீன் என்று நாம் எண்ணுவது பெரும் பிழை. நெத்தலியை முள்ளோடு மென்றால் எலும்புக்கு வேண்டிய கல்சியம் கிடைக்கிறது. சூடை மீனின் கொழுப்பு இருதயத்துக்கு நல்லதென்று வைத்தியர் கூறுகின்றனர். பொரிக்காமல் ஆணமாக வைத்தோம். சட்டியிலே வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, பழப்புளி கரைத்த நீர், மிளகாய்த்தூள், மஞ்சள், கொதித்ததும் மீன், இறக்குமுன் சிறிது தேங்காய்ப்பால். முதற்பாலை அரைத் தேங்காய்க்கு மேல் எடுப்பதில்லை. தேங்காயைப் பகைக்கச் சொல்லவில்லை. ஐவருக்கு இரண்டு தேங்காய் பிழிந்த வழக்கத்தைத்தான் விட்டோம்.

கீரைக்குத்தான் பொறுமை வேண்டும். பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எதுவாயினும் ஆய்ந்து, வெட்டுவதற்கு முன்பே நன்றாகக் கழுவ வேண்டும். வெட்டிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம் வறை செய்தால் முடிந்தது. பாதித் தட்டுக்கு மரக்கறியும் கீரையும், கால் தட்டுக்குச் சோறு, கால் தட்டுக்கு மீனோ பருப்போ என்று இன்று சுகாதாரப் பகுதியினர் அறிவுறுத்துகிறார்கள். நாங்கள் முதலிலே செய்தது அதன் தலைகீழ். சோற்றைக் குறைப்பது மனத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். ஆகவே குறைக்கவில்லை, கீரையைக் கூட்டினோம். சோறு தானாகக் குறைந்தது.

வெள்ளிக்கிழமைகளிலே எம்மூவருக்கும் மரக்கறி. 'எங்களுக்கு மட்டும் தனிச்சட்டி எதற்கு?' என்று முஸ்லிம் நண்பர் இருவரும் அன்று பருப்பும் பூசணிக்காய்ப் பால்கறியும் உண்டார்கள். இறைச்சி வாங்குவதில்லை என்று முதலிலேயே ஐவரும் ஒத்துக்கொண்டபடியால், ஆகும் ஆகாது என்ற பேச்சு அந்த வீட்டில் எழவேயில்லை. சோறு, மீன், கீரை, பருப்பு என்பவற்றில் எந்த வேதத்துக்கும் விலக்கில்லை. நோன்பு மாதத்திலே அவர்கள் கஞ்சி காய்ச்சினார்கள். அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் உள்ளியும் வெந்தயமும் சேர்ந்த அந்தக் கஞ்சியைக் குடித்தவர் அதனினும் எளிய நல்லுணவு வேறில்லை என்பர். நிர்வாக எல்லைகளைப் பற்றி நம் கரையிலே எவ்வளவோ வழக்கு நடக்கிறது. நோன்புக் கஞ்சிப் பாத்திரம் மட்டும் எந்த எல்லையையும் கேளாமல் நம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருகிறது.

மூன்று மாதம் இப்படி நடந்தது. பரீட்சைக் காலத்திலே இரண்டு கிழமை முற்றாக நின்றது, மறுபடி தொடங்கினோம். ஐவரின் கணக்குப் புத்தகத்திலே இரவுச் செலவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஒருவருக்கு உடல் இளைத்தது. ஒருவர் அப்படியே இருக்கிறார். ஒருவர் சமையலிலே ருசி கண்டு சற்றுப் பருத்தும்விட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டுமல்லவா?

சீனியைப் பற்றி ஒரு கணக்கு. போத்தலில் அடைத்த மென்பானங்களின் முகப்பிலே ஒரு வட்டம் இருக்கும். 2016 ஆவணி முதல் சட்டப்படி இடப்படுவது. 100 மில்லிலீற்றருக்கு 11 கிறாமுக்கு மேற் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிறாமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். மஞ்சளைக் கண்டு மகிழாதீர்கள். 10 கிறாமுக்கும் மஞ்சள்தான். அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலிலே 40 கிறாம், ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி சீனி இருக்கும். நாளொன்றுக்கு ஒருவர் சேர்க்கும் சீனி பன்னிரண்டு தேக்கரண்டியைத் தாண்டக்கூடாது, ஆறோடு நிறுத்தினால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதே நிறுவனம் உப்பை ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிறாமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. கருவாடும் மாசியும் சம்பலும் விரும்பும் நமக்கு அது இன்னும் கடினமான கட்டளை.

இங்கே எமது மன்றத்தின்மீதே ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தலைவரவர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு திருவிழாவிலே அடியார்களுக்குத் தாகசாந்தி வழங்கினோம். ஒரு வியாபார நிறுவனத்தார் பெட்டி பெட்டியாக இலவசமாய்த் தந்த வர்ணப் பானத்தை, அவர்களின் பதாகையின் கீழ் நின்று, குழந்தைகளின் கையிலே கொடுத்தோம். கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். வேண்டுதலை வைத்து வெயிலிலே நடந்து வந்த ஒரு மூதாட்டி, "தம்பி, எனக்குச் சீனி வருத்தம், பச்சைத் தண்ணி இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் பச்சைத் தண்ணீர் இல்லை! தாகசாந்திப் பந்தலிலே தண்ணீர் இல்லை. திருக்கோவிலுக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போகிறவர்களுக்கும், கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களுக்கும் மோரும் தேசிக்காய் நீரும் கொடுத்த வழி நம் முன்னோருடையது. எருமைத் தயிருக்குப் பேர்போன நாட்டிலே மோருக்குப் பஞ்சமா? இவ்வாண்டு பந்தலிலே மோரும் தண்ணீரும் மட்டும் என்று செயற்குழு தீர்மானிக்க வேண்டுமென இம்மேடையிலேயே விண்ணப்பிக்கிறோம். நன்கொடை குறையும், பொருளாளர் முகத்திலேயே அது தெரிகிறது. ஆயினும் விண்ணப்பிக்கிறோம்.

கடைசியாக, இந்தப் பேச்சு முழுவதிலும் நாம் தொடாமல் வந்த ஒன்று. 'வீட்டுச் சாப்பாடே நல்லது' என்று இளைஞர் மேடையேறிச் சொல்வது எளிது. கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் மனத்திலே, 'ஆக்குவது யார் தம்பி?' என்ற கேள்வி எழுமன்றோ? எங்கள் அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுகிறார். தேங்காய் துருவி, மா அவித்துப் புட்டுக் குழைத்து முடிக்க விடிந்துவிடும். நாங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, 2004 மார்கழி 26ஆம் நாள், கடல் வந்து இந்தக் கரையை வழித்துக்கொண்டு போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் பல்லாயிரவர். தப்பியவர் பலரின் அம்மியும் உரலும் அடுப்பும் மண்ணோடு போயின. முகாமிலே பொட்டலச் சோறு உண்டு, பின்பு கட்டிக் கொடுத்த சிறு வீட்டிலே மூலையில் ஓர் அடுப்பை வைத்துக்கொண்டு வாழ்வை மீளத் தொடங்கியவர்கள் இவர்கள். அவர்களுட் பலர் இன்று கடையிலும் தையலிலும் வயலிலும் வேலை செய்கிறார்கள். சிலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு மத்திய கிழக்குக்குப் போய் அந்நியர் வீட்டிலே சமைக்கிறார்கள். மாலையில் அலுத்து வரும் அந்தத் தாய் பத்து ரொட்டியைக் கடையில் வாங்கினால், அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அம்மாவைப் பார்த்து 'இனிக் குரக்கன் புட்டுச் செய்யுங்கள், கீரை வறையுங்கள்' என்று புதிய கட்டளை இடுவதற்காக இந்தப் பேச்சை யாரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டாம்.

வடக்கிலே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் 'அம்மாச்சி' உணவகங்கள் நடக்கின்றன. பெண்களே நம் ஊர்த் தானியத்திலும் கீரையிலும் உணவு ஆக்கி விற்று வருமானம் பெறுகிறார்கள். அங்கே அவர்களின் சமையலுக்குக் கூலி உண்டு. வீட்டிலே கூலி இல்லை. குறைந்தபட்சம் கைம்மாறாகவேனும் நாம் கீரை ஆயலாம், தேங்காய் துருவலாம், சட்டி கழுவலாம். எங்கள் வீட்டிலே இப்போது தகப்பனார், கால் கட்டோடு, வாங்கிலே இருந்து முருங்கையிலை உருவுகிறார். நாற்பத்தெட்டு வருடத்தில் அவர் அடுப்படிக்குச் செய்த முதல் வேலை அது. 'இதுக்கு இவ்வளவு நேரம் போகுமா?' என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மன்ற மண்டபத்தின் பின்புறத்திலே ஒரு சமையல் ஏற்பாடாகியிருக்கிறது. ஆக்குவது இளைஞர்; உண்பது தாய்மார். சிவப்பரிசியை ஓர் அன்பர் தந்திருக்கிறார். வலை கரைக்கு வரும் வேளை பார்த்துச் சூடை மீன் வாங்கிவர இருவர் பெயர் தந்துள்ளனர். வெள்ளி விரதம் ஞாயிற்றுக்கும் உண்டு என்போருக்குப் பருப்பும் பூசணியும் தனிச்சட்டியில் இருக்கும். கீரை ஆய்வதற்கு மட்டும் ஏழு மணிக்கே பத்துப் பேர் வேண்டும். இதுவரை மூவர்தான் சேர்ந்திருக்கிறார்கள். கத்தியும் பலகையும் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். பெயர் கொடுப்போர் கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் எங்களிடம் கொடுக்கலாம். உப்பிடும் பொறுப்பு ஒரேயொருவருக்கு என்று எழுதியே வைத்திருக்கிறோம்.